உச்சவரம்புக்குள் ஓர் அணி

கால்பந்தின் கதை – 14

சென்ற பகுதியில், விளையாடுவதற்குக் கூலி வாங்குவது இழுக்கு என்று கருதிய கனவான்களின் எதிர்ப்பையும் மீறி, 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் சம்பள ஆட்டக்காரனை அங்கீகரித்த வரலாற்றைப் பார்த்தோம். கூலி உண்டு என்று ஏற்பட்டவுடனே, எவ்வளவு என்ற அடுத்த கேள்வி தானாகவே எழுந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடி அலைந்த நூற்றிருபது வருஷங்களின் கதை இது. மாஞ்செஸ்டரில் தொடங்கி, நமது மாவட்டத்து இரவிபுத்தன்துறைக் கடற்கரை மணல்வரை வந்து சேரும் கதை.

‘உச்சவரம்பு’ என்ற சொல்லை நாஞ்சில் நாட்டு வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சென்னை ராஜ்யத்தில் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் பிறந்து, ஒரு குடும்பம் 30 தரநிலை ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்றும், பின்னர் 1970இல் அதுவும் 15 ஏக்கர்தான் என்றும் ஆனபோது, வயல் இருந்த இடத்திலேயே இருக்க, பட்டா மட்டும் மருமகன் பெயருக்கும் மைத்துனன் பெயருக்கும், தன் பெயரில் நிலம் இருப்பதையே அறியாத பண்ணையாளின் பெயருக்கும் யாத்திரை போன விநோதத்தை நம் தகப்பனார் காலத்தவர் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். மேலைநாட்டுக் கால்பந்துக் கழகங்கள் இந்த வித்தையை நமக்கு அறுபது வருஷங்களுக்கு முன்பே கற்றுக் கைதேர்ந்திருந்தன என்பதைச் சொன்னால் நம் மிராசுதார்களுக்குச் சற்று ஆறுதலாக இருக்கக்கூடும்.

1901ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது. எந்த ஆட்டக்காரனுக்கும், அவன் எத்தனை பெரிய சூரனாயினும், வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது; வெற்றிக்கென்று தனி வெகுமதியும் கூடாது. தேர்ந்த கைத்தொழிலாளி ஒருவனின் கூலியைப் போல் அது ஏறத்தாழ இருமடங்கு என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அதில் அநியாயம் தெரியாது. ஆனால் இதற்கு எட்டு வருஷங்களுக்கு முன்னரே, 1893 முதல், வேறொரு விதி அமலில் இருந்தது: ஒரு கழகத்தில் பெயர் பதிந்த ஆட்டக்காரன், அவனுடைய ஒப்பந்தம் முடிந்துவிட்ட பிறகும், அந்தக் கழகம் விடைகொடுத்தாலன்றி வேறு கழகத்தில் ஆட முடியாது. மேலே கூரையைத் தாழ்த்திவிட்டு, வாசலையும் வெளிப்புறம் தாழிட்டுவிட்டார்கள். முக்கியமான ஆட்டக்காரர்களைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி என்று அந்நாளைய கழகக் காரியதரிசிகள் இராத்தூக்கம் கெட்டு யோசித்ததில்லை. சட்டமே அவர்களுக்காக விழித்திருந்தது.

ஆயினும் அடுத்த கழகத்தில் இருப்பவனைக் கவர வேண்டுமே, தன்னிடம் இருப்பவனின் மனம் கசந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்ற கவலை பணமுள்ள கழகங்களுக்கு இருக்கத்தான் செய்தது. மாஞ்செஸ்டர் சிட்டி கழகத்தில் பில்லி மெரிடித் என்றொரு வலது ஓர ஆட்டக்காரர் இருந்தார். வேல்ஸ் தேசத்தில் நிலக்கரிச் சுரங்கத்திலே சிறுவயதில் வேலை செய்தவர். வாயில் ஒரு பல்குச்சியை மென்றுகொண்டே ஆடுவார். 1904இல் அந்தக் கழகம் கோப்பை வென்றபோது இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தவரும் அவரே. மறுவருஷம், எதிரணி ஆட்டக்காரர் ஒருவருக்கு 10 பவுண்டு லஞ்சம் கொடுக்க முயன்றார் என்று குற்றம் சாட்டி அவரை விலக்கிவைத்தார்கள். விலக்கப்பட்டவர் தம் கழகத்திடம் பணம் கேட்டார், கழகம் கைவிரித்தது, உடனே மெரிடித், தமக்கு வாரம் 4 பவுண்டு அல்ல, 6 பவுண்டு கொடுத்து வந்தார்கள் என்ற ரகசியத்தை அம்பலத்தில் போட்டு உடைத்தார். 1906இல் விசாரணை நடந்தது. கழகத்துக்கு 250 பவுண்டு அபராதம், காரியதரிசிக்கு ஆயுள் விலக்கு, பதினேழு ஆட்டக்காரர்களுக்கு 1907 ஜனவரி முதல் தேதி வரை தடை. அதற்குப் பின்னும் அவர்கள் பழைய கழகத்துக்கு ஆடக் கூடாது.

பிறகு நடந்ததுதான் விசேஷம். ஆடத் தடை செய்யப்பட்ட அந்த வீரர்களை வாங்கப் பிற கழகத்தார் மாஞ்செஸ்டரில் ஒரு ஹோட்டலில் கூடினார்கள். வடசேரிக் கனகமூலம் சந்தையில் காய்கறி இறங்கும் விடியற்காலை நேரத்தில் முந்திக்கொண்டு போகும் வியாபாரியைப் போல, அதே ஊரின் மற்றொரு கழகமாகிய மாஞ்செஸ்டர் யுனைடெட் முந்திக்கொண்டு மெரிடித் உள்ளிட்ட நால்வரைப் பிடித்துவிட்டது. 1908இல் லீக் பட்டத்தையும் 1909இல் கோப்பையையும் அந்தக் கழகம் வென்றதற்கு அந்த நால்வரே பெருங்காரணம். இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு: வரம்பை மீறிச் சேர்த்த அணியின் பலனை, வரம்பை மீறியவன் அனுபவிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் அனுபவித்தான். மெரிடித் அதோடு நிற்கவில்லை; 1907 டிசம்பரில் அதே நகரில் ஆட்டக்காரர்களின் சங்கம் தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றார். 1919இல் லீட்ஸ் சிட்டி என்ற கழகம் யுத்தகாலத்தில் கள்ளச் சம்பளம் கொடுத்ததாகப் புகார் எழுந்து, கணக்குப் புத்தகங்களைக் காட்ட மறுத்ததனால், கழகமே கலைக்கப்பட்டு, அதன் ஆட்டக்காரர்கள் பதினாறு பேர் 9,250 பவுண்டுக்கு ஏலம் போனார்கள். அதற்குமேல் அந்தக் கழகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வரம்பு மெல்ல மெல்லத்தான் உயர்ந்தது. 1922இல் 8 பவுண்டு, 1947இல் 12, 1958இல் 20. அந்நாளில் பிரெஸ்டன் நகரத்தின் டாம் ஃபின்னி உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். ஆட்டம் இல்லாத நாளில் குழாய் பழுதுபார்க்கும் தொழில் செய்தவர். 1952இல் இத்தாலியின் பலெர்மோ கழகம், கையெழுத்துப் போட்டவுடன் 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு சம்பளம், கடலோர மாளிகை, மோட்டார் வண்டி என்று ஆசை காட்டி அழைத்தது. பிரெஸ்டன் கழகம் அனுமதி மறுத்துவிட்டது. ஃபின்னி பிரெஸ்டனுக்கே கடைசிவரை ஆடி ஓய்வு பெற்றார் என்பதை விசுவாசத்துக்கு உதாரணமாக எடுத்துப் பேசுவோர் உண்டு. பூட்டிய வீட்டுக்குள் இருப்பவனை வீட்டுப்பற்று மிகுந்தவன் என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜிம்மி ஹில் என்ற ஆட்டக்காரர் தலைமையில் சங்கம் வேலைநிறுத்தம் செய்யத் துணிந்தபோது, 1961 ஜனவரியில் அந்த உச்சவரம்பு ஒழிந்தது. இங்கே நமது ராஜ்யத்தில் ஓர் உச்சவரம்பு பிறந்த அதே வருஷத்தில் அங்கே ஓர் உச்சவரம்பு மாண்டது. ஃபுல்ஹாம் கழகத்தின் தலைவர் டாமி டிரிண்டர் என்பவர் ஒரு ஹாஸ்ய நடிகர். சட்டம் இடம் கொடுத்தால் ஜானி ஹெயின்சுக்கு வாரம் 100 பவுண்டு கொடுப்பேன் என்று முன்னெப்போதோ வீறாப்பாகப் பேசியிருந்தார். சட்டம் இடம் கொடுத்துவிட்டது, ஹாஸ்யம் நிஜமாயிற்று, 20 பவுண்டு ஒரே நாளில் 100 ஆயிற்று. ஹெயின்ஸ் அந்தக் கழகத்தை விட்டுப் போகவில்லை, ஆனால் அவரை வைத்துக்கொண்டு ஃபுல்ஹாம் பெருங்கோப்பை எதையும் வெல்லவுமில்லை. 1963இல் ஜார்ஜ் ஈஸ்டம் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவனைக் கட்டிவைப்பது தொழில் செய்யும் உரிமைக்குத் தடை என்று நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். கூரையும் போயிற்று, தாழ்ப்பாளும் தளர்ந்தது. இனிமேல்தான் நாம் எடுத்துக்கொண்ட விஷயம், அதாவது உள்ள பணத்தில் உயிரான ஆட்டக்காரர்களை எப்படி நிறுத்திக்கொள்வது என்ற பிரச்னை, தொடங்குகிறது.

இந்தப் பிரச்னை நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. அதைக் கால்பந்தில் அல்ல, நாடகக் கொட்டகையில் நாம் கண்டிருக்கிறோம். நாகர்கோவிலோடு நெருங்கிய உறவுடைய டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் திருவனந்தபுரத்தில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். வடசேரிக்கு அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் அந்தக் கம்பெனியிலே வளர்ந்தவர். நாடகக் கம்பெனியில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கோமாளி என்ற மூவர்தாம் தலையானவர்கள். மற்றவர்கள் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட்டு ஒரே கொட்டகையில் படுப்பவர்கள். வசூலோ டிக்கெட்டு விற்பதைப் பொறுத்தது. பேசும் படம் வந்தபின் அந்த மூவரின் மதிப்பும் திடீரென்று எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யில் கிருஷ்ணன் திரையில் தோன்றிய பிறகு, எந்த நாடக முதலாளி அவரைக் கூப்பிட்டுக் கொட்டகையில் நிறுத்திவைத்திருக்க முடியும்? கம்பெனியின் பெட்டியில் இருந்த பணம் அதே பணம்தான். கோமாளியின் விலை மட்டும் மாறிவிட்டது. இன்றைய கழகக் காரியதரிசிகள் படும் பாடு முழுவதும் இதற்குள் அடக்கம்.

தனி ஆளின் சம்பளத்துக்கு வரம்பு கட்டுவது ஒரு வகை. அணி முழுவதின் சம்பளத்துக்கும் சேர்த்து ஒரே வரம்பு கட்டுவது மற்றொரு வகை. இரண்டாவது முறை அமெரிக்கர்களின் கண்டுபிடிப்பு. அவர்கள் கால்பந்து என்று பெயரிட்டு ஆடுவது கையால் எறியும் முட்டை வடிவப் பந்து. ஆனாலும் கணக்கு ஒன்றுதான். 1994இல் அங்கே ஒவ்வோர் அணிக்கும் 3 கோடியே 46 லட்சம் டாலர் என்று வரம்பு விதித்தார்கள். 2025இல் அது 27 கோடியே 92 லட்சம் டாலராக வளர்ந்திருந்தது. அந்தத் தொகைக்குள் ஐம்பத்துமூன்று பேரை நிரப்ப வேண்டும். ஒருவனுக்கு மிகுதியாகக் கொடுத்தால் இன்னொருவனுக்குக் குறைத்தே ஆக வேண்டும். ஆட்டக்காரனோ ஒப்பந்தம் முடிந்தால் பெரும்பாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இங்கிலாந்தின் பழைய வரம்பு ஆட்டக்காரனைக் கட்டியது. இந்த வரம்பு கழகத்தைக் கட்டுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி ஒரே மூச்சில் கண்டிப்பவர்கள், நில உச்சவரம்பையும் குத்தகை உயர்வையும் ஒன்றென்று கருதுபவர்களே.

அங்கே ஒரு யுக்தி உண்டு. ஆட்டக்காரன் கையெழுத்திடும்போது மொத்தமாக ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்துவிடுகிறார்கள். கணக்கில் மட்டும் அதை ஒப்பந்த வருஷங்களுக்கு, அதிகபட்சம் ஐந்து வருஷங்களுக்கு, பங்கிட்டு எழுதுகிறார்கள். ஆகவே முதல் வருஷத்தில் அவன் கனம் குறைவாகத் தெரியும். ஏலச்சீட்டை முதல் தவணையிலேயே தள்ளி எடுத்துக் கல்யாணத்தை ஜாம்ஜாமென்று நடத்திவிட்டவனின் நிலைமை இது. பாயசம் இனிக்கும், பதினெட்டு மாதத் தவணை பாக்கி இருக்கும். நடுவிலே அந்த ஆட்டக்காரனை வெளியேற்ற நேர்ந்தால், மிச்சப் பங்கு அத்தனையும் ஒருங்கே கணக்கில் வந்து விழும். ஆள் இல்லை, அவன் கனம் மட்டும் இருக்கும். சான் பிரான்சிஸ்கோ அணி 1994ஆம் ஆண்டுப் பருவத்தில் டியான் சாண்டர்ஸ் போன்ற வீரர்களைக் குறுகிய ஒப்பந்தங்களில் சேர்த்துச் சாம்பியன் ஆயிற்று. நல்ல ஆட்டக்காரர்களின் பணத்தைப் பின்வருஷங்களுக்குத் தள்ளித் தள்ளி வைத்தது. 1999இல் பதினாறு ஆட்டங்களில் பன்னிரண்டில் தோற்றது. தலைமை வீரர் ஸ்டீவ் யங் தலையில் பட்ட அடியால் அந்த வருஷம் ஒதுங்கிப்போனதும் ஒரு காரணம் என்பதை மறைக்கலாகாது. ஆனால் அவருக்குப் பின்னால் அமர்த்தத் தக்க ஆட்களுக்கு இடம் வைக்காதது கணக்கெழுதியவர்களின் காரணம்.

இந்தக் கணக்கின் சூட்சுமம் எனக்குப் புரிந்தது, எங்கள் வடசேரியில் கோயில் நகை செய்யும் ஒரு பட்டறையிலே. பேத்தியின் நாட்டிய அரங்கேற்றத்துக்கு ராக்கொடி ஒன்று செய்யச் சொல்லப் போயிருந்தேன். வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, உள்ளே அரக்கை நிரப்பி, கெம்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தங்க ரேக்கை மெல்ல அழுத்தி ஒட்டிச் செய்வது எங்கள் ஊர்ச் சம்பிரதாயம். என் கையில் இருந்ததோ ஒரு குறிப்பிட்ட தொகை. நடுவிலே பெரிய கல்லாக ஒன்று வேண்டும், சுற்றுக்கல்லும் எடுப்பாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே போக, அந்த முதிய ஆசாரியார் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, “வேய், நடுக்கல்லு பெருசுன்னா சுத்துக்கல்லு சிறுசாத்தான் இருக்கும். ரெண்டும் பெருசா வேணும்னா இந்த ரூவாய்க்கு வேற ஆளைப் பாரும்” என்றார். பிறகு என் முகம் வாடியதைக் கண்டோ என்னவோ, “அரக்கு இறுகினா பொடிக்கல்லும் ஆயுசுக்கும் அசையாது. அரக்கு சரியில்லேன்னா நடுக்கல்லுதான் மொதல்ல தெறிக்கும், பாத்துக்கிடும்” என்றும் சொன்னார். கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எனக்கு அரக்கின் ஞாபகம் அப்போதுதான் வந்தது.

நம் தேசத்தில் சம்பளத்துக்கு வரம்பு என்ற பேச்சே நெடுங்காலம் இல்லை, ஏனெனில் சம்பளம் என்ற பேச்சே வெளிப்படையாக இல்லை. சென்னையில் ஆட்டக்காரனைத் தக்கவைத்தது பணமன்று, உத்தியோகம். ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, மின்சார வாரியம், சுங்க இலாகா என்று அலுவலகங்களின் பெயரிலேயே அணிகள் இருந்தன. கால் ஓய்ந்த பிறகும் மேஜை இருக்கும், மேஜைக்குப் பின் பென்ஷன் இருக்கும் என்ற உறுதியைவிடப் பலமான ஒப்பந்தத்தை எந்த வழக்கறிஞரும் எழுதிவிட முடியாது. இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கிலேயே ஆடியது. இதற்கு நேர் எதிரான பரீட்சை நம் எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 1997இல் நடந்தது. எஃப்.சி. கொச்சின் என்ற கழகம் ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன் முதலானோரைத் தாராளமாகச் சம்பளம் கொடுத்துச் சேர்த்தது. அந்த வருஷமே டூரண்டு கோப்பையை வென்றது. அதையடுத்த தேசிய லீக்கில் ராமன் விஜயன் 10 கோல் அடித்து முதலிடத்தில் நின்றார். வரம்பு விதிக்க யாரும் இல்லாத அந்தக் கழகத்துக்கு வரவு தானே வரம்பு விதித்தது. சம்பளம் கொடுக்க முடியாமல் தத்தளித்து 2002இல் மூடிவிட்டார்கள். நான் அறிந்தவரையில் தென்னாட்டுக் கால்பந்தில் அதைவிட வேகமாக மலர்ந்து அதைவிட வேகமாக உதிர்ந்த பூ வேறில்லை.

2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில், முன்னவர்கள் பட்டதை நினைத்தோ அமெரிக்காவைப் பார்த்தோ, அணிக்கு மொத்தச் சம்பள வரம்பு என்ற ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். 2020ஐ ஒட்டிய பருவங்களில் அது ரூ. 16.5 கோடி. உள்நாட்டாரும் அயல்நாட்டாரும் அதற்குள்ளேதான். பெயர்பெற்ற நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவரை மட்டும் அதற்கு வெளியே வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். சென்னையின் அணிக்கு அப்படி வந்தவர் பிரேசிலின் எலானோ. முதல் பருவத்தில் 8 கோல் அடித்தார். உள்நாட்டாரின் விலை எவ்வளவு இருந்தது என்பதற்கு ஒரு சான்று: 2015 ஏலத்தில் சுனில் சேத்ரிக்கு ரூ. 1.20 கோடி, 2017இல் விலையை முன்கூட்டியே நிர்ணயித்து முறைவைத்துத் தேர்ந்தெடுத்தபோது, அனஸ் எடத்தொடிகாவுக்கும் யூஜின்சன் லிங்டோவுக்கும் தலைக்கு ரூ. 1.10 கோடி. முறைவைப்பதற்கு முன் ஒவ்வொரு கழகமும் ஒரு சிலரை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம் என்றபோது, சென்னையின் அணி தாக்குதல் வீரர் ஜெஜெ லால்பெக்லுவாவையும் கோல்காவலர் கரன்ஜித் சிங்கையும் பிடித்துக்கொண்டது. பிழையில்லாத தேர்வு. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரிலே, பெங்களூரு அணியையே 3–2 என்று வீழ்த்திச் சென்னை இரண்டாம் முறை சாம்பியனாயிற்று.

கோப்பை வென்ற மறுநாள் பதினோரு பேரின் விலையும் ஒருசேர ஏறும். வரம்பு மட்டும் ஏறாது. இந்தக் கண்டத்தைச் சென்னை எப்படிக் கடந்தது? பார்வைக்கு நன்றாகவே கடந்தது. ஜெஜெ இருந்தார், இளைஞர் அனிருத் தாபா இருந்தார், இறுதியாட்டத்தில் இரண்டு கோல் அடித்த மைல்சன் ஆல்வஸ் இருந்தார், ராஃபேல் அகஸ்டோ இருந்தார். போனவர்களில் ஒருவர் தடுப்பரணில் நின்ற தலைவர் செரேனோ. வியாசர்பாடியிலிருந்து வந்து நடுக்களத்தைத் தாங்கிய தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் பருவம் முழுவதும் ஆட இயலாமற்போனார். பட்டியலில் இருந்த கற்கள் அத்தனையும் ஒளிவிடும் கற்களே. அடுத்த பருவத்தில் அந்த அணி பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றியும் 9 புள்ளிகளும் பெற்றுக் கடைசி இடத்தில் விழுந்தது. சாம்பியனும் கடைசி இடத்தவனும் பன்னிரண்டு மாதத்துக்குள் ஒருவனே. அந்தப் பட்டறை ஆசாரியார் கால்பந்து பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்.

அதே பருவத்தில் கோயம்புத்தூரில் வேறொரு காரியம் நடந்தது. நாட்டின் மற்றொரு லீக்காகிய ஐ-லீக்கில் ஆடிய சென்னை சிட்டி கழகம், தன் முதல்தர ஆட்டக்காரர் ஒருவரை அப்போதுதான் இழந்திருந்தது. அவர் நம் மாவட்டத்து இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று கடலோரமாக நீளும் அந்த ஊர்களில், வலை உலர்த்தும் மணலே மைதானம்; கால் புதையும் மணலில் பந்தை ஓட்டிப் பழகியவனுக்குப் புல்தரை சிமெண்டுத் தரை மாதிரி என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். 2017–18 பருவத்தில் ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்று விருது பெற்ற சூசைராஜை, 2018இல் ஜாம்ஷெட்பூர் அணி அழைத்துக்கொண்டது. வசதி குறைந்த கழகத்துக்கு இது விதி. மரத்தை வளர்ப்பவன் ஒருவன், பழம் பறிப்பவன் வேறொருவன்.

சென்னை சிட்டி புலம்பிக்கொண்டிருக்கவில்லை. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளில் பெயரில்லாமல் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோரைக் கொண்டுவந்து, எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ போன்ற தமிழ்நாட்டு இளைஞர்களுடன் இணைத்தார். விலைபோகாத சரக்கை விலை ஏறுவதற்கு முன் வாங்கும் வித்தை இது. வரம்புள்ள லீக்கிலும் வரம்பில்லாத லீக்கிலும் ஏழைக்கு இதைவிட நல்ல உபாயம் நான் கண்டதில்லை. மான்சி 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9 அன்று, கோவை நேரு விளையாட்டரங்கில், முதலில் கோல் வாங்கிப் பின்தங்கியிருந்த சென்னை சிட்டி, மான்சியின் ஒரு கோலாலும் கௌரவ் போராவின் இரண்டு கோல்களாலும் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்றது. இருபது ஆட்டங்களில் 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. நூற்றாண்டுப் பெருமையுள்ள கொல்கத்தாக் கழகத்தை ஒரே ஒரு புள்ளியால் பின்னே தள்ளித் தமிழ்நாட்டுக் கழகம் ஐ-லீக் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. ஸ்விட்சர்லாந்தின் பாசல் கழகம் அதே வருஷம் 26 சதவீதப் பங்கு வாங்கிக் கூட்டுச் சேர்ந்தது.

அதன் பிறகு கல் கல்லாகக் கழன்றது. நெஸ்டர் ஹைதராபாத் அணிக்குப் போனார். ஒப்பந்தக் காலம் இன்னும் முடியவில்லை என்று சென்னை சிட்டி முறையிட, அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. தடை விதித்தார்களே தவிர, ஆள் திரும்பி வரவில்லை. எட்வின் சென்னையின் சூப்பர் லீக் அணிக்குப் போனார். மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்குக் கப்பலேறினார். ரொமாரியோ கோவாவுக்குப் போனார். இவர்களில் எவரையும் நான் குறை சொல்லமாட்டேன். முப்பத்தைந்து வயதில் ஓய்ந்துவிடும் தொழிலில், மேஜையும் பென்ஷனும் காத்திராத காலத்தில், கூப்பிட்ட கூலிக்குப் போகாதவனே பிழை செய்தவன். நெஸ்டரும் எட்வினும் போய்ச் சேர்ந்த அணிகளின் காரியதரிசிகளோ, ரூ. 16.5 கோடி என்ற கோட்டுக்குள், சென்னை சிட்டியில் விலை குறைவாக இருந்த திறமையைக் கொண்டே தங்கள் இடைவெளிகளை நிரப்பினார்கள். ஒரு லீக்கின் உச்சவரம்பு மற்றொரு லீக்கின் வயலில் அறுவடை செய்தது என்பதே என் தீர்மானம்.

2020 மார்ச் 14 அன்று, கொள்ளைநோய் காரணமாக ஒரு பார்வையாளரும் அனுமதிக்கப்படாத கோவாவின் ஃபதோர்டா அரங்கில், சூப்பர் லீக் இறுதியாட்டம் நடந்தது. கடைசி இடத்திலிருந்து ஒரே வருஷத்தில் எழுந்து வந்த சென்னையின் அணியில் எட்வின் வான்ஸ்பால் இருந்தார். எதிரே கொல்கத்தாவின் ஏடிகே அணியில் இரவிபுத்தன்துறை சூசைராஜ் இருந்தார். இருவரும் சென்னை சிட்டியில் விளையாடியவர்கள். கொல்கத்தா 3–1 என்று வென்றது. சென்னையின் அந்த ஒரு கோலை அடித்த லித்துவேனியர் வால்ஸ்கிஸையும், பயிற்சியாளர் ஓவன் காயிலையும் அடுத்த பருவத்துக்கு ஜாம்ஷெட்பூர் அழைத்துக்கொண்டது.

(தொடரும்)